இப்படிக்கு, உன் கிழவன்

மொண்டெவிடெயோவில் அப்பாவைக்
கிழவன் என்றுதான் கூப்பிடுவார்கள்,
அவருக்கு முப்பது வயதே ஆனாலும்.
நானும் கடிதங்களின் அடியில் அப்படியே
கையெழுத்திடுகிறேன்:
உன் கிழவன்.

எனக்கு நாற்பத்தேழு. பெண்.
சாவி வெட்டும் கடை. பிள்ளைகள் இல்லை.

பக்கத்துச் சலவைக்கடையில் ஒரு பிஸ்கட் டப்பா,
மூடியில் நான் அறுத்த துளை.
பெயரையும் கவலையையும் எழுதிப் போட்டால்
புதன்கிழமை கொடியில் பதில் தொங்கும்,
காலுறைகளுக்கு நடுவே, கிளிப் மாட்டி.
எழுதுவது யாரென்று டெல்மிராவுக்கு மட்டும் தெரியும்.
கேட்பவர்களிடம்
"துறைமுகத்தில் வேலை பார்த்தவராம், பெரிய மீசையாம்" என்கிறாள்.
மீசை அவளாக வைத்தது.

இடது கையால் எழுதுகிறேன்.
எழுத்து பழைய நாற்காலி மாதிரி
ஒரு பக்கமாய்ச் சாய்ந்து நிற்கிறது.
ஆண்பிள்ளை எழுத்தென்று நம்பிவிடுகிறார்கள்.

ஓட்டுநர் தேர்வில் நான்காம் முறை தோற்ற ஹசிந்தோவுக்கு:
"பின்னால் வருகிறவன் ஹாரன் அடித்தால் அடிக்கட்டும்.
அவன் வீட்டில் அடுப்பில் எதுவோ இருக்கிறது.
உனக்கில்லை."
முதல் சம்பளம் முழுவதையும் ஒரு கோட்டுக்குக்
கொடுத்துவிட்டு அழுத பெண்ணுக்கு:
"தோள் சரியாக உட்கார்கிறதா?
அப்படியானால் விலையும் சரிதான்."
ஒரு பையன், சவரம் செய்வது எப்படி என்று கேட்டிருந்தான்.
அதற்கு மட்டும் பேக்கரி அனிபாலிடம் போய் நின்றேன்.
"உனக்கா?" என்றார்.

என் கிழவன் ஏறிப்போன கப்பலின் பெயர் தெரியாது.
ராட்டர்டாமிலிருந்து ஒரு தபால் அட்டை வந்தது.
ஒரு பக்கம் பாலம்.
மறுபக்கம் பாதியில் எங்கள் முகவரி.
மீதிப் பாதி வெள்ளை.
அம்மா அதை வெளிச்சத்தில் தூக்கிப் பார்த்தாள்.
இஸ்திரிப் பெட்டியைக்கூட மேலே வைத்துப் பார்த்தாள்.
எனக்கு எட்டு வயது. நினைத்துக்கொண்டேன்:
எழுதிக்கொண்டிருக்கிறார்,
இன்னும் முடிக்கவில்லை.

ஜூலைக் குளிரில் ஒரு நாள்
டப்பாவுக்குள் இந்தச் சீட்டு:
"எனக்கு வயது 67. நீங்கள் என்னைவிட மூத்தவரோ என்னவோ.
மகளுக்கு எழுதி முப்பது வருஷத்துக்கு மேலாகிறது.
எப்படித் தொடங்குவது?
எவாரிஸ்தோ."

கடையைப் பூட்டினேன்.
தபால் அட்டையை எடுத்துச் சீட்டின் பக்கத்தில் வைத்தேன்.
எங்கள் வீட்டு எண் 1477.
என் கிழவன் ஏழின் இடுப்பில் ஒரு கோடு போடுவார்.
இவர் போடவில்லை.
அவரில்லை.
விளக்கை இன்னும் கிட்டே இழுத்தேன்.
அவரில்லை.

அன்றிரவு எழுதியதெல்லாம் வசவு.
"இத்தனை வருஷமும் பேனாவில் மை இல்லையா?"
கிழித்தேன்.
அடுத்ததில் அழுகை. அதையும்.
மாட்டே குவளையில் தண்ணீர் ஆறி
இலை கசந்துபோனது.
விடிகாலையில், மறந்துபோய், வலது கையால் எழுதினேன்:

"எவாரிஸ்தோ,
மன்னிப்பை முதல் வரியில் வைக்காதே.
அவள் அதோடு நிறுத்திவிடுவாள்.
இன்று என்ன சாப்பிட்டாய் என்று எழுது.
முழங்கால் வலித்தால் அதை எழுது.
அவளுடைய ஏதாவதொரு சட்டையின் நிறத்தை எழுது,
தப்பாக இருந்தால் நல்லது,
திருத்துவதற்காகவாவது பதில் போடுவாள்.
அட்டையை மட்டும் வெறுமையாக அனுப்பிவிடாதே."

அடியில் வந்ததும் பேனா நின்றது.
கிழவன் என்று போட வரவில்லை.
மகள் என்றும் போட முடியாது.
கடைசியில்
ஒரு மீசை வரைந்துவிட்டேன்.

மூன்று நாள் தொங்கியது.
நான்காம் நாள் கிளிப் மட்டும்.
எடுத்தது யாரென்று டெல்மிரா பார்க்கவில்லையாம்.
போர்வை வாங்க வந்த எவனோ
துணியோடு சேர்த்து அள்ளியிருப்பான் என்கிறாள்.
இருக்கட்டும்.
அவனும் இன்று எதையாவது சாப்பிட்டிருப்பான்.